ஏழு சகோதரிகளின் பெயர்கள்

1620ஆம் ஆண்டின் இறுதியில் வட அமெரிக்காவின் கிழக்குக் கரையை அடைந்த மேஃபிளவர் என்னும் கப்பலில் 102 பயணிகள் இருந்தனர். அவர்களுள் சமய மூப்பராக விளங்கிய வில்லியம் புரூஸ்டர் தம் மனைவியோடும் இரண்டு மகன்களோடும் வந்திருந்தார். மகன்களுள் மூத்தவன் பெயர் லவ். அன்பு என்று பொருள். இளையவன் பெயர் ரெஸ்லிங். மற்போர் என்று பொருள். 1623இல் ஆன் என்னும் மற்றொரு கப்பலில் அவர்களுடைய அக்காமார் இருவர் வந்து சேர்ந்தனர். ஒருவர் பேஷன்ஸ், அதாவது பொறுமை. மற்றவர் ஃபியர், அதாவது அச்சம்.

குடும்ப மரங்களைத் தொகுப்போர் இத்தகைய உடன்பிறந்தோர் பெயர்களைக் கண்டு வியப்பதும் சிரிப்பதும் உண்டு. ஆயினும் இறைநம்பிக்கை கொண்ட நாம் இந்தப் பட்டியலைச் சற்று நின்று படித்தால், அதில் நமக்கு நன்கு பழகிய சொற்கள் தென்படும். பொறுமை என்பது நாம் ஸப்ர் என்று சொல்வது. அந்த அச்சம் இறையச்சம். நம் மொழியில் தக்வா. தம் வேதத்தில் கண்ட பண்புகளைத் தம் பிள்ளைகளின் பெயர்களாகவே ஆக்கி, நாள்தோறும் பலமுறை அவற்றை உரக்கச் சொல்லும் வாய்ப்பை அந்தப் பெற்றோர் ஏற்படுத்திக்கொண்டனர்.

ஒரு பெயரைத் தனியே எடுத்துப் பார்த்தால் அது பாட்டனின் நினைவாக இருக்கலாம், ஊர் வழக்கமாக இருக்கலாம், தற்செயலாகவும் இருக்கலாம். உடன்பிறந்தோர் அனைவரின் பெயர்களையும் அருகருகே வைத்துப் படிக்கும்போதுதான் பெற்றோரின் உள்ளம் வெளிப்படுகிறது. தம்மைப் பற்றி ஒரு வரியும் எழுதிவைக்க வாய்ப்பில்லாது போன மக்களைப் பொறுத்தவரை, இந்தப் பெயர்வரிசையே சில வேளைகளில் எஞ்சி நிற்கும் சாட்சியமாகிவிடுகிறது. அமெரிக்க மண்ணின் அக்காலக் குடும்ப மரங்களுள் இரு வகையானவற்றை இக்கட்டுரையில் அருகருகே வைத்துப் பார்க்க விரும்புகிறோம். ஒன்று, தம் விருப்பப்படி பெயரிட்டவர்களின் மரம். மற்றொன்று, பெயரிடும் உரிமையே பறிக்கப்பட்ட நம் சகோதர முஸ்லிம்களின் மரம்.

கடல் கடந்தவர்கள் இட்ட பெயர்கள்

புரூஸ்டரின் குடும்பம் பியூரிட்டன்கள் எனப்படும் தூய்மைவாதக் கிறித்தவர்களுள் ஒரு பிரிவைச் சேர்ந்தது. இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையோடு ஒத்துப்போக மறுத்த அவர்கள், முதலில் தம் வீடுகளில் மறைவாகக் கூடி வழிபட்டனர். பின்னர் 1608இல் ஹாலந்துக்குத் தப்பிச் சென்றனர். புரூஸ்டரின் மூத்த மகன் பெயர் ஜோனத்தன். அது வேதாகமத்திலிருந்து எடுத்த வழக்கமான பெயர். அவனுக்குப் பின் பொறுமை, அச்சம், அன்பு, மற்போர் என்று வரிசை தொடர்கிறது. நெருக்கடி முற்றிய ஆண்டுகளில் பெயர்களின் இயல்பும் மாறியதை இவ்வரிசையிலேயே நாம் காண முடிகிறது.

அதே கப்பலில் வந்த வொய்ட் குடும்பத்தில் ஒரு சிறுவனுக்கு ரிசால்வ்ட் என்று பெயர். உறுதிபூண்டவன் என்பது பொருள். கப்பல் கரையோரம் நங்கூரமிட்டு நின்றபோது அவனுக்கு ஒரு தம்பி பிறந்தான். அவனுக்குப் பெரிக்ரின் என்று பெயரிட்டனர். வழிப்போக்கன், யாத்திரிகன் என்று பொருள். உறுதிபூண்டவனும் யாத்திரிகனும் அண்ணன் தம்பியாயினர். ஹாப்கின்ஸ் குடும்பத்திலோ கான்ஸ்டன்ஸ், ஜைல்ஸ், டமாரிஸ் ஆகிய மூவருக்குப் பின் நடுக்கடலில் பிறந்த ஆண் குழந்தைக்கு ஓசியானஸ் என்று கடலின் பெயரையே சூட்டினர். அக்குழந்தை நெடுநாள் வாழவில்லை.

1633இல் பாஸ்டனை நோக்கிப் பயணம் செய்த ஜான் காட்டன் என்னும் போதகருக்குக் கப்பலில் ஒரு மகன் பிறந்தான். அவனுக்கு அவர் இட்ட பெயர் சீபார்ன்; கடலில் பிறந்தவன் என்பதுதான் பொருள். அந்தச் சீபார்னின் தங்கை மரியாவை மணந்தவர் இன்கிரீஸ் மாதர் என்னும் போதகர். அவருடைய பெயருக்குப் பெருக்கம் என்று பொருள். 1639இல் அவர் பிறந்த வேளையில் இறைவன் அந்நாட்டுக்கு வழங்கியிருந்த பல்வகைப் பெருக்கத்தின் நினைவாக அப்பெயர் இடப்பட்டது என்று அவருடைய மகன் காட்டன் மாதர் எழுதியிருக்கிறார். நாம் பரக்கத் என்று சொல்லும் கருத்துக்கு அது வெகு அருகில் உள்ளது.

இவ்வரிசைகளுள் நம் கருத்தை மிகவும் கவர்வது ராஜர் வில்லியம்ஸின் குடும்பம். மனச்சாட்சியின் விவகாரத்தில் அரசு தலையிடக் கூடாது என்று வாதிட்டதற்காக மாசசூசெட்ஸ் காலனியிலிருந்து வெளியேற்றப்பட்டவர் அவர். அவருடைய முதல் மகள் மேரி. நாடுகடத்தும் தீர்ப்பு வந்த 1635ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் பிறந்த இரண்டாம் மகளுக்கு அவர் ஃப்ரீபார்ன் என்று பெயரிட்டார். சுதந்திரமாகப் பிறந்தவள் என்பது பொருள். அடுத்த ஆண்டு அவர் ஒரு புதிய ஊரை நிறுவி, அதற்கு இறைப்பராமரிப்பு என்னும் பொருள்படப் பிராவிடன்ஸ் என்று பெயர் வைத்தார். 1638இல் அங்கே பிறந்த மகனுக்கும் அதே பெயரைச் சூட்டினார். பின்னர் பிறந்த மகள் மெர்சி. அருள், அதாவது ரஹ்மத். ஒரு மனிதர் அனுபவித்த துன்பம், கண்ட விடிவு, செலுத்திய நன்றி ஆகியவை மூன்று பிள்ளைகளின் பெயர்களில் வரிசையாக எழுதப்பட்டுள்ளன.

பெயரிடுதலும் நம் மார்க்கமும்

இந்தப் பெயர்களைப் படிக்கும்போது நபி (ஸல்) அவர்களின் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்று நம் நினைவுக்கு வருகிறது. அலீ (ரலி) அவர்களுக்கு முதல் மகன் பிறந்தபோது, போர் என்று பொருள்படும் ஹர்ப் என்ற பெயரை அவர் வைத்திருந்தார். வீரம் மிக்க அரபுக் குடும்பத்தில் அது இழிவான பெயரன்று. நபி (ஸல்) அவர்கள் வந்து குழந்தையைக் காட்டும்படி கேட்டு, அதன் பெயரை வினவி, ஹர்ப் என்பதை மாற்றி ஹஸன் என்று வைத்தார்கள். இரண்டாம் மகன் பிறந்தபோதும் அவ்வாறே நிகழ்ந்தது. அவர் ஹுஸைன் ஆனார். மூன்றாம் மகன் முஹ்ஸின் ஆனார். நபி ஹாரூன் (அலை) அவர்களின் மக்களுக்கு வழங்கிய பெயர்களின் பொருத்தத்தில் இம்மூன்று பெயர்களையும் தேர்ந்ததாக நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி முஸ்னத் அஹ்மதில் பதிவாகியுள்ளது. மூன்று பெயர்களும் நன்மை, அழகு என்னும் பொருள் தரும் ஒரே வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தவை. ஒரு தந்தை மூன்று முறை போரை நினைத்த இடத்தில், பாட்டனார் மூன்று முறை நன்மையை வைத்தார்கள்.

மற்றொரு செய்தியையும் இங்கே கருத வேண்டும். புண்ணியவதி என்னும் பொருளுடைய பர்ரா என்ற பெயரை நபி (ஸல்) அவர்கள் ஸைனப் என்று மாற்றினார்கள். தம்மைத் தாமே தூயவர் என்று பாராட்டிக்கொள்ள வேண்டாம் என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம் என்று ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். பொறுமை, பணிவு என்று பிள்ளைகளுக்குப் பெயரிட்ட பியூரிட்டன்களின் வழக்கத்திலிருந்து நம் மரபு பிரியும் இடம் இது. பெயர் நல்ல பொருள் தர வேண்டும். ஆனால் அது தற்பெருமையாகிவிடக் கூடாது.

அடிமைகளுக்குப் பெயரிடுவது பற்றியும் நபிமொழியில் ஒரு குறிப்பு உண்டு. அஃப்லஹ், ரபாஹ், யஸார், நாஃபிஃ ஆகிய நான்கு பெயர்களை அடிமைகளுக்கு வைக்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக ஸமுரா (ரலி) அறிவிக்கிறார்கள். வெற்றி பெற்றவன், இலாபம், செழிப்பு, பயன் தருபவன் என்பன அவற்றின் பொருள்கள். அப்பெயருடையவர் இருக்கிறாரா என்று ஒருவர் கேட்டு, இல்லை என்று பதில் வரும்போது, நன்மையே இங்கில்லை என்ற பொருள் தொனித்துவிடும் என்பது ஹதீஸில் வரும் விளக்கம். நான்கு பெயர்களுமே நலனையும் ஆதாயத்தையும் குறிப்பவை என்பதை மட்டும் இங்கே மனத்தில் இருத்திக்கொள்வோம். அடுத்து நாம் காணப்போகும் மனிதருக்கு இடப்பட்ட பெயரும் அத்தகையதே.

பயனுள்ளவன் என்று பெயரிடப்பட்டவர்

பெருக்கம் என்று பெயர் கொண்டவரின் மகனான காட்டன் மாதர், பாஸ்டனில் பெரும் புகழ்பெற்ற போதகராக விளங்கினார். 1706இல் அவருடைய சபையார் ஓர் ஆப்பிரிக்க மனிதரை விலைக்கு வாங்கி அவருக்கு அன்பளிப்பாக அளித்தனர். அம்மனிதருக்கு அவர் ஒனேசிமு என்று பெயரிட்டார். கிறித்தவ வேதத்தில் பவுல் எழுதிய ஒரு மடலில் வரும் அடிமையின் பெயர் அது. கிரேக்க மொழியில் அதன் பொருள் பயனுள்ளவன்.

அவர் உண்மையிலேயே பயனுள்ளவராக இருந்தார். தம் தாயகத்தில் பெரியம்மையைத் தடுக்க மேற்கொள்ளப்பட்ட அம்மைப்பால் குத்தும் முறையை அவர்தாம் மாதருக்கு விளக்கினார். 1721இல் பாஸ்டனில் பெரியம்மை பரவியபோது அம்முறை கைக்கொள்ளப்பட்டுப் பலர் உயிர் பிழைத்தனர். அந்த நகரத்துக்கு இத்தகைய நன்மையைச் செய்த மனிதரின் தாயும் தந்தையும் அவரை எப்பெயரால் அழைத்தனர் என்பதற்கு ஏட்டில் இடமில்லை. மாதர் குடும்பத்தின் மரத்தில் சாமுவேல், நத்தானியேல், எலியேசர், இன்கிரீஸ் என்று தலைமுறை தலைமுறையாகக் கிளைகள் விரிகின்றன. அதே கூரையின் கீழ் வாழ்ந்த ஒனேசிமுவுக்கு அண்ணன் தம்பி, அக்கா தங்கை என்ற கிளை ஒன்றும் வரையப்படவில்லை.

அடிமை வாணிபம் மனிதரின் உழைப்பைப் பறித்தது என்பதை நாம் அறிவோம். அது அவர்களுடைய பெயரையும் பறித்தது. பெயரைப் பறித்தால் தந்தையின் பெயர் போகும். தந்தையின் பெயர் போனால் உடன்பிறந்தவர் எவர் என்பதும் மறையும். குடும்ப மரம் என்பதே இல்லாமற் போகும்.

அய்யூபும் அவருடைய மக்களும்

அவ்வாறு பறிக்கப்பட்டும் தம் பெயரை மீட்டுக்கொண்டவர் அய்யூப் ஸுலைமான் தியாலோ. மேற்கு ஆப்பிரிக்காவில் இன்றைய செனகல் நாட்டின் கிழக்கே இருந்த புந்து என்னும் நாட்டில், ஃபுலானி இனத்து ஆலிம் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் அவர். 1730இல் காம்பியா ஆற்றங்கரையில் சிறைபிடிக்கப்பட்டு, மேரிலாந்து காலனிக்கு விற்கப்பட்டார். தந்தை அனுப்ப, இரண்டு அடிமைகளை விற்பதற்காகவே அவர் அந்த ஆற்றங்கரைக்குச் சென்றிருந்தார் என்பதையும் நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த வாணிபத்தில் முஸ்லிம்களின் கையும் இருந்தது.

மேரிலாந்தில் அவரை வாங்கியவர் சைமன் என்று பெயரிட்டார். புகையிலைத் தோட்டத்தில் வேலை செய்ய இயலாத அவரை மாடு மேய்க்க விட்டனர். தொழுகைக்காக அவர் காட்டுக்குள் ஒதுங்குவது வழக்கம். தப்பியோடிப் பிடிபட்டுச் சிறையில் இருந்தபோது, மொழி தெரியாத மக்களிடையே அல்லாஹ், முஹம்மது ஆகிய இரு சொற்களும் அவர் கைப்பட எழுதிய அரபு வரிகளும் அவர் யார் என்பதை அறிவித்தன. பின்னர் அவர் தம் தந்தைக்கு எழுதிய அரபு மடல் இலண்டனில் ஜேம்ஸ் ஓகிள்தார்ப் என்பவரின் கைக்குச் சென்றது. அதன் பயனாக அய்யூப் 1733இல் இங்கிலாந்து சேர்ந்து விடுதலை பெற்றார். அங்கே திருக்குர்ஆனை நினைவிலிருந்தே மூன்று படிகள் எழுதினார். 1734இல் தாயகம் திரும்பினார்.

அவரைச் சந்தித்த தாமஸ் புளூயெட் என்னும் ஆங்கிலேயர் அவருடைய வாழ்க்கைக் குறிப்பை 1734இல் வெளியிட்டார். அதில் அய்யூப் தம் பெயரைச் சொன்ன விதம் கருதத்தக்கது. தாம் அய்யூப், ஸுலைமானின் மகன், அவர் இப்ராஹீமின் மகன் என்று மூன்று தலைமுறையை ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறார். சைமன் என்ற ஒற்றைப் பெயருக்கு அவர் அளித்த மறுமொழியாக நாம் அதைக் கொள்ளலாம். தத்தெடுத்தவர்களின் பெயரால் வழங்காமல், பெற்ற தந்தையரின் பெயராலேயே மக்களை அழைக்க வேண்டும் என்று ஸூரத்துல் அஹ்ஸாபின் ஐந்தாம் வசனம் கட்டளையிடுகிறது. அக்கட்டளை வந்தபோது ஸைத் இப்னு முஹம்மத் என்று அழைக்கப்பட்டு வந்தவர் மீண்டும் ஸைத் இப்னு ஹாரிஸா ஆனார். அவரும் சிறுவயதில் பிடித்து விற்கப்பட்டவரே. தந்தையின் பெயர் ஒரு மனிதருக்கு இறைவன் வகுத்த உரிமை என்பதை அவ்வரலாறு நமக்குக் கற்பிக்கிறது.

புளூயெட்டின் நூலில் அய்யூபின் பிள்ளைகளின் பெயர்களும் உள்ளன. முதல் மனைவியிடம் அப்துல்லாஹ், இப்ராஹீம், ஸம்பா என மூன்று மகன்கள். இரண்டாம் மனைவியிடம் ஒரு மகள். நபி (ஸல்) அவர்களின் மகளார் நினைவாக அவளுக்கு ஃபாத்திமா என்று பெயரிடப்பட்டது என்றும் அவர் குறிக்கிறார். அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானவை என்று நபிமொழி கூறும் பெயர்களுள் ஒன்று அப்துல்லாஹ். இப்ராஹீம் என்பது அய்யூபின் பாட்டனார் பெயர். அது நபியின் பெயரும் ஆகும். ஸம்பா என்பது ஃபுலானி மக்களின் மரபுப் பெயர். மார்க்கமும் குடும்பமும் இனமும் நான்கு பிள்ளைகளிடையே அழகாகப் பகிரப்பட்டுள்ளன. புளூயெட் தம் எழுத்தில் சாம்போ என்று எழுதிய அந்தப் பெயரின் ஒலி, பின்னாளில் அமெரிக்காவில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் வசைச்சொல்லாக வழங்கியது. ஒரு தந்தை அன்போடு அழைத்த பெயர் ஓரிடத்தில்; அதே ஒலி ஏளனமாக ஒலித்தது மற்றோரிடத்தில்.

பெரிய ஃபாத்திமா, சின்ன ஃபாத்திமா

அய்யூபைப் போல் தாயகம் திரும்பியவர் மிகச் சிலரே. திரும்ப இயலாதோரின் பெயர்களைத் தேட நாம் பள்ளிவாசல் ஏடுகளை நாட முடியாது. அங்கே அவை இருக்கவில்லை. உடைமையாளர்களின் வரிக்கணக்குகளையும் சொத்துப் பட்டியல்களையும்தான் புரட்ட வேண்டும்.

பின்னாளில் அமெரிக்காவின் முதல் அதிபரான ஜார்ஜ் வாஷிங்டன், வர்ஜீனியா இன்னும் பிரிட்டிஷ் காலனியாக இருந்த 1774ஆம் ஆண்டில், தம் மவுண்ட் வெர்னன் பண்ணையில் வரிக்குரிய ஆட்களின் பட்டியலை எழுதினார். அதில் ஃபாத்திமர் என்று ஒரு பெயர் உள்ளது. சின்ன ஃபாத்திமர் என்று மற்றொரு பெயரும் உள்ளது. இருவரும் தாயும் மகளும் எனக் கருதப்படுகின்றனர். ஆங்கில நாவில் திரிந்திருந்தாலும் அது நம் ஃபாத்திமாவின் பெயரே.

ஃபாத்திமர் என்ற ஒற்றைப் பெயர் மட்டும் இருந்திருந்தால், எங்கோ வைக்கப்பட்டு அவரோடு வந்து சேர்ந்த பெயர் என்று கடந்து போயிருப்போம். அதே பெயர் இரண்டாம் முறையும் வருவதால் அதைக் காத்து வைத்திருந்தவர் ஒருவர் இருந்தார் என்று அறிகிறோம். அந்தப் பண்ணையில் ஒரு பெண் குழந்தையை ஃபாத்திமா என்று அழைக்க எவரோ விரும்பியிருக்கிறார். கணக்கெழுதியவர் அறியாமலேயே அந்த விருப்பத்தையும் பதிவு செய்துவிட்டார்.

ஸாபெலோ தீவின் பெண்மக்கள்

இவ்வரிசைகள் அனைத்திலும் நம்மை அதிகம் நெகிழச் செய்வது ஜார்ஜியா கடற்கரையை ஒட்டிய ஸாபெலோ தீவில் கிடைக்கும் ஒன்று. அய்யூபின் மடலைப் பெற்ற அதே ஓகிள்தார்ப் 1733இல் நிறுவிய காலனிதான் ஜார்ஜியா. அவர் நிறுவியபோது அங்கே அடிமை முறைக்குத் தடை இருந்தது. 1751இல் அத்தடை நீங்கியது. அதன்பின் கடலோரத் தீவுகளில் நெல்லும் பருத்தியும் விளைவிக்க ஆப்பிரிக்கர்கள் கொண்டுவரப்பட்டனர்.

அவ்வாறு வந்தவர்களுள் ஒருவர் பிலாலி முஹம்மது. இன்றைய கினி நாட்டின் ஃபூத்தா ஜலோன் மேட்டுநிலத்தில் திம்போ என்னும் ஊரைச் சேர்ந்தவர். இளவயதில் பிடிபட்டு, பிரிட்டிஷ் காலனியான பஹாமாஸ் தீவுகளில் பல ஆண்டுகள் இருந்து, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடும்பத்தோடு ஸாபெலோவுக்கு வந்தார். தாமஸ் ஸ்பால்டிங் என்பவரின் பெருந்தோட்டத்தில் நூற்றுக்கணக்கானோரின் வேலையை மேற்பார்க்கும் பொறுப்பு அவரிடம் இருந்தது. முதல் முஅத்தினாகிய பிலால் (ரலி) அவர்களின் பெயரைத் தாங்கியவர், அவரைப் போலவே அடிமைத்தளையில் இருந்தும் தொழுகையை விடவில்லை.

அவர் தம் கைப்பட அரபியில் எழுதிய 13 பக்க ஏடு ஒன்று இன்றும் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகிறது. நீண்ட காலம் அதை ஒரு நாட்குறிப்பு என்றே எண்ணியிருந்தனர். பின்னர் ஆய்ந்தபோது, மாலிகி மத்ஹபின் சட்ட நூலாகிய இப்னு அபீ ஸைத் அல்கைரவானி அவர்களின் ரிஸாலாவிலிருந்து நினைவில் இருந்த பகுதிகளை அவர் எழுதியிருந்தது தெரியவந்தது. உளூவும் தொழுகையும் பற்றிய பாடங்கள் அவை.

1930களில் ஜார்ஜியா கடற்கரையின் முதிய கறுப்பின மக்களிடம் எழுத்தாளர் குழு ஒன்று பேட்டி கண்டது. 1940இல் அப்பேட்டிகள் நூலாயின. ஸாபெலோவில் பிலாலியின் வழிவந்த ஒரு மூதாட்டி, தம் முன்னோராகிய பிலாலியின் பெண்மக்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னார்: மார்கரெட், பெண்டூ, சார்லட், மதீனா, யாருபா, ஃபாத்திமா, ஹெஸ்டர்.

இந்த ஏழு பெயர்களை மெல்லப் படித்துப் பார்ப்போம். மார்கரெட், சார்லட், ஹெஸ்டர் ஆகிய மூன்றும் எந்த ஆங்கிலத் தோட்டத்திலும் கேட்கக்கூடிய பெயர்கள். பெண்டூ என்பது, மகள் எனப் பொருள்படும் பின்த் என்ற அரபுச் சொல்லின் வழியே மேற்கு ஆப்பிரிக்காவில் வழங்கும் பிந்து, பிந்தா என்னும் பெயரை ஒத்தது. யாருபா என்ற பெயரில் யொருபா மக்களின் பெயர் ஒலிக்கிறது. ஃபாத்திமா நபிமகளாரின் பெயர். மதீனாவோ நபி (ஸல்) அவர்கள் துயில்கொள்ளும் நகரம். கடல் பிறந்த இடமானதால் சீபார்ன் என்றும், ஊர் புகலிடமானதால் பிராவிடன்ஸ் என்றும் பெயரிட்டவர்களை மேலே கண்டோம். தாம் ஒருபோதும் சென்றடைய முடியாத ஓர் ஊரின் பெயர் இந்தப் பெண்ணுக்கு அமைந்தது. ஹிஜ்ரத்தின் ஊர் அது. நாடு துறந்தோரை அரவணைத்த ஊர். அப்பெயரை ஸாபெலோவின் பருத்தி வயல்களுக்கிடையே வாழ்நாள் முழுவதும் உரக்க அழைத்துக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தின் உள்ளம் எவ்வாறு இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இப்பெயர்களோடு வாழ்க்கை முறையும் சேர்ந்தே இருந்தது. பிலாலியும் அவர் மனைவி ஃபீபியும் சிறு பாய் விரித்து, நேரம் தவறாமல் தொழுததையும், நீண்ட தஸ்பீஹ் மணிகளை உருட்டியதையும் அந்த மூதாட்டி நினைவுகூர்ந்தார். அவருடைய பாட்டியான மார்கரெட் தலையில் வெள்ளைத் துணியை முக்காடாக இட்டுத் தோள்வரை தழைய விடுவாராம். ஆண்டுதோறும் ஒரு குறிப்பிட்ட நாளில் அரிசியை ஊறவைத்து, உரலில் இடித்து, தேனோ சர்க்கரையோ சேர்த்துத் தட்டையான பலகாரம் செய்து பிள்ளைகளுக்குப் பங்கிடுவாராம். அதற்கு ஸராக்கா என்று பெயர். அது நம் ஸதகா என்னும் சொல்லே என்று ஆய்வாளர்கள் விளக்குகின்றனர். ஏழு பேருள் மார்கரெட்டின் பெயர் ஆங்கிலப் பெயர் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். தனியே எடுத்தால் அப்பெயர் அவரை நமக்கு அடையாளம் காட்டியிராது. ஃபாத்திமாவுக்கும் மதீனாவுக்கும் அருகில் அமர்ந்திருப்பதால்தான் அவரை நாம் இனங்காண்கிறோம். உடன்பிறந்தோரின் பெயர்கள் ஒருவருக்கொருவர் சாட்சி சொல்லும் விதம் இதுவே.

அமெரிக்க மண்ணில் அந்தக் குடும்பத்தின் பிற்காலத் தலைமுறைகள் கிறித்தவத்தில் வளர்ந்தன. தீவின் ஹாக் ஹம்மாக் குடியிருப்பில் பிலாலியின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர். தொழுகை மறைந்த பின்னும் ஏழு பெயர்கள் தலைமுறை கடந்து ஒரு மூதாட்டியின் நாவில் தங்கியிருந்தன. அவற்றை யாரும் ஏட்டில் எழுதி அவரிடம் கொடுக்கவில்லை. கேட்டுக் கேட்டு வைத்திருந்தார்.

நாம் எழுதும் குடும்ப மரம்

நம் இல்லங்களிலும் குடும்ப மரம் எழுதுவோர் இப்போது பெருகி வருகின்றனர். அது நல்ல வழக்கம். ஆனால் பெரும்பாலும் பாட்டனார், தந்தை, மகன் என்று நேர்க்கோட்டில் எழுதுகிறோம். பெண்மக்களை இன்னாருடைய மனைவி என்று குறிப்பதோடு நிறுத்திவிடுகிறோம். சிறு வயதில் மவுத்தாகிவிட்ட குழந்தைகளை விட்டுவிடுகிறோம். பிலாலியின் மரத்திலிருந்து பெண்மக்களை நீக்கிவிட்டால் ஃபாத்திமாவும் மதீனாவும் போய்விடுவார்கள். நமக்குச் சான்று ஒன்றும் எஞ்சாது. முஹ்ஸின் குழந்தைப் பருவத்திலேயே இறந்துவிட்டார். ஆயினும் நம் முன்னோர் அப்பெயரை விட்டுவிடாமல் ஹஸன், ஹுஸைன் என்னும் வரிசையின் இறுதியில் காத்தே வந்துள்ளனர்.

ஆதலால் வீட்டுப் பெரியவர்களிடம் அமரும்போது, அவர்களுடைய உடன்பிறந்தோர் அனைவரின் பெயர்களையும் பிறந்த வரிசையில் கேட்டு எழுதிக்கொள்வோம். யார் பெயரிட்டார், எதற்காக அப்பெயர் என்றும் கேட்போம். வீட்டில் செல்லமாக வழங்கிய பெயரையும் சேர்த்துக் குறிப்போம். ஏழாம் நாள் அகீகா கொடுத்துக் குழந்தைக்குப் பெயரிடும்போது, ஒலியழகுக்கு மட்டும் பெயர் தேடாமல் பொருளையும் அறிந்து வைப்போம். விரும்பிய பெயரை அச்சமின்றி வைக்கவும், அதை ஊரறிய அழைக்கவும் அல்லாஹ் நமக்கு வாய்ப்பளித்திருக்கிறான். மதீனா என்று மகளை அழைத்த அந்தக் குடும்பத்துக்கு அந்த எளிமை கிட்டவில்லை.

பிலாலியையும் ஃபீபியையும், பெயர் அறியப்பட்டும் அறியப்படாமலும் அம்மண்ணில் துயிலும் நம் சகோதர சகோதரியர் அனைவரையும் அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக. அவர்களை அவர்தம் பெற்றோரோடும் உடன்பிறந்தோரோடும் சுவனத்தில் ஒன்றுசேர்ப்பானாக. ஆமீன்.